ஊர்ப் பிள்ளையே ஊருக்கு வாத்தியார்

திருப்பதி, சித்தூர்ப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களிடம் ரிஷிவேலி என்று சொல்லிப் பாருங்கள். "ஜே.கே. ஸ்கூல்தானே? வசதியானவங்க பிள்ளைங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற இடம்" என்பார்கள். உண்மைதான். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் பிறந்த மதனப்பள்ளிக்கு அருகில் இருக்கிறது அந்தப் பள்ளி. ஆனால் அதைச் சுற்றியுள்ள குக்கிராமங்களில் ஓசையில்லாமல் நடந்த இன்னொரு கதை உண்டு. அது எல்லை தாண்டி வந்து தமிழ்நாட்டு வகுப்பறைகளையே மாற்றியது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது மதனப்பள்ளி சித்தூரிலிருந்து விலகிப் போனாலும், இந்தக் கதை பழைய சித்தூர் மாவட்டத்தின் கதைதான்.

சட்டாம்பிள்ளை போன தூரம்

கதையின் வேர் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அங்கே வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளோ பல வயதினர். பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாகிச் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துப் பழக்குவான். அவன் கோள் சொல்லி அடி வாங்கிக் கொடுத்ததையும் நம் தாத்தாக்கள் மறக்கவில்லை!

சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்றவர் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் இல்லத்திலும் அப்படியே செய்ய வைத்தார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தெடுத்தார். ஊர் திரும்பியபின் 1797-இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

பழம்பெருமை பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தத் திண்ணைகளில் பெண் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் பெரும்பாலும் இடமில்லை. முறை நல்லது; கதவு குறுகலாக இருந்தது.

மலையடிவாரத்துப் பள்ளிகள்

இனி மதனப்பள்ளிக்கு வருவோம். அது மழை பொய்க்கும் ராயலசீமை மண். பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போவார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வார்கள். பள்ளிக்கு நாலு நாள் வந்தால் பத்து நாள் வரமாட்டார்கள். திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். வாத்தியாரோ காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போகிறவர்.

1980-களில் ரிஷிவேலியின் கிராமக் கல்விப் பணிக்கு வந்தவர்கள் ஒய்.ஏ. பத்மநாப ராவ், ஏ. ரமா தம்பதியர். அந்தந்த ஊரிலேயே இருந்த, ஓரளவு படித்த இளைஞர்களையும் பெண்களையும் இவர்கள் தேடிப் பிடித்தார்கள். பயிற்சி தந்து அவர்களையே ஆசிரியர்களாக்கினார்கள். இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் எழுந்தன.

பாடப் புத்தகத்தைப் பிரித்துச் சிறுசிறு அட்டைகளாக்கினார்கள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம். எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டச் சுவரில் ஒரு 'கற்றல் ஏணி'. பத்து நாள் கழித்து வரும் பிள்ளை விட்ட படியிலிருந்தே ஏறலாம். யாரும் அதைப் பின்தங்கியவன் என்று சொல்ல வேண்டியதில்லை. சில பிள்ளைகள் ஆசிரியரோடும், சில பிள்ளைகள் தோழரோடும், சில பிள்ளைகள் தனியாகவும் படிப்பார்கள். சட்டாம்பிள்ளை திரும்பி வந்துவிட்டான், இம்முறை பிரம்பு இல்லாமல்!

அட்டைகளை உருவாக்கியதில் ஊர் ஆசிரியர்களுக்கும் பங்கு இருந்தது என்பதே இங்கு முக்கியம். ஊர்க் கதையும் பாட்டும் பாடமாயின. தாய்மார்கள் பள்ளிக்கு வந்து கதை சொன்னார்கள். 'மெட்ரிக் மேளா' என்று பிள்ளைகளே சந்தை போட்டு, கிலோவும் லிட்டரும் அளந்து விற்க, ஊரார் வந்து வாங்கினார்கள். பள்ளி நிலத்தில் மரம் வைத்து வளர்த்தார்கள். இப்படித் தேறிய ஊர் ஆசிரியர்கள் பிற்பாடு வெளி மாநில ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். தன் ஊரை விட்டு நகராத ஓர் இளம்பெண் நகரத்து ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுப்பது சாதாரண விஷயமா?

எல்லை தாண்டிய அட்டைகள்

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தம் ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். முதலில் 13 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டே 264 மாநகராட்சிப் பள்ளிகளிலும் இம்முறை வந்தது. 2007-இல் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் மாநிலமெங்கும் 37,000-க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. வாத்தியார் நாற்காலியை விட்டுப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை வந்தது. இவை சிறிய மாற்றங்கள் அல்ல.

ஆனால் நாளடைவில் வேகம் குறைந்தது. திருத்தங்கள் வந்தன, 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஏன் இப்படி? என் கருத்து இதுதான்: ரிஷிவேலியில் அட்டையும் அதைக் கையாளும் ஆளும் ஒன்றாக வளர்ந்தார்கள். இங்கே அட்டை அச்சாகி வந்தது; சுற்றறிக்கை வந்தது; இடமாறுதலும் வந்தது. அட்டையை லாரியில் ஏற்றி அனுப்பலாம். ஊர்க்காரியை ஏற்றி அனுப்ப முடியுமா?

மறுபக்கமும் பார்க்க வேண்டும். ஊர்த் தொண்டர் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு ஆள் வைத்து, முறையான ஆசிரியர் நியமனத்தைத் தட்டிக் கழிப்பது நியாயமாகாது. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஏராளமான தன்னார்வலர்கள் மாலை வகுப்பு எடுத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். அந்தச் சேவை பெரியது. ஆனாலும் அது பள்ளிக்குத் துணையே தவிர, பள்ளிக்கு மாற்று ஆகாது.

நமக்கு என்ன?

மாநிலத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது வெறும் வரலாறு இல்லை. பல ஊர்ச் சங்கங்களில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒரே ஒருவரின் தோளில் நிற்கிறது. அவர் பணி மாறிப் போனால் வகுப்பும் போய்விடுகிறது. நாம் ஊரிலிருந்து புத்தகம் வரவழைக்கிறோம். சொல்லிக் கொடுக்கும் ஆளை இங்கேயே உருவாக்குகிறோமா?

சென்ற ஆண்டு வகுப்பை முடித்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இந்த ஆண்டு புதிதாக வரும் இரண்டு குழந்தைகளை ஒப்படைத்துப் பாருங்கள். 'எனக்கு இலக்கணம் தெரியாதே' என்று தயங்கும் தாயாரை ஒரு கதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவரே இன்னொரு கதையோடு வந்து நிற்பார்.