உணவும் உள்ளமும்: குன்னூர் மலை உணர்த்திய பாடம்



நம் இல்லங்களில் ஒருவர் ஓயாது எரிந்து விழுந்தால், ‘அவர் சுபாவம் அப்படி’ என்கிறோம். ஒருவர் எதிலும் பற்றின்றி மூலையில் முடங்கிக் கிடந்தால், ‘சோம்பேறி’ என்று பெயர் சூட்டுகிறோம். அவர் தட்டில் என்ன இருந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை ஆராய்ந்த இடங்களுள் ஒன்று, நம் கொங்கு நாட்டை அடுத்து உயர்ந்து நிற்கும் நீலகிரியின் குன்னூர் என்பது நம்மில் பலர் அறியாத வரலாறாகும்.

1918-ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்தின் ஓர் அறையில், அயர்லாந்தில் பிறந்த இராணுவ மருத்துவர் இராபர்ட் மெக்காரிசன் ‘பெரி-பெரி’ நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அரிசியை வெள்ளை வெளேரெனத் தீட்டும்போது தவிட்டோடு பி1 உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. அவ்வரிசியையே நம்பி வாழ்வோரின் நரம்புகளை இந்நோய் தாக்கும். அந்த ஓர் அறையே வளர்ந்து உணவு ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்று, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனும் பெயர் பெற்றது.

மெக்காரிசன் குன்னூரில் வெள்ளெலிகளுக்குப் பல்வேறு மக்களின் உணவை அளித்துப் பார்த்தார். பஞ்சாபின் சீக்கியர் உண்ணும் முழுக்கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி ஆகியவற்றை ஒரு கூட்டம் பெற்றது. இங்கிலாந்து ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரையிட்ட தேநீர், வேகவைத்த காய்கறி, டப்பா இறைச்சி, ஜாம் ஆகியவற்றை மற்றொரு கூட்டம் பெற்றது. முதற்கூட்டம் நன்கு வளர்ந்து ஒற்றுமையாய் வாழ்ந்தது. இரண்டாம் கூட்டமோ வளர்ச்சி குன்றியதோடு நில்லாமல், பணியாளரைக் கடித்தது. நாளடைவில் தம்முள் நலிந்தவற்றைக் கொன்று தின்னவும் தலைப்பட்டது. உடல் நோயைத் தேடிய ஆய்வில் குணத்தின் கேடும் வெளிப்பட்டது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

எலியின் குணத்தைக் கொண்டு மனிதனை அளக்கலாமா என்று கேட்பது நியாயமே. அதற்கு விடை தருவது ‘பெல்லாக்ரா’ எனும் நோய். நயாசின் எனும் உயிர்ச்சத்துக் குறைவால் வரும் இந்நோய், தோலையும் குடலையும் மட்டுமன்றி மனத்தையும் தாக்கும். உறக்கமின்மையும் மனச்சோர்வும் தோன்றி, முற்றினால் அறிவு மயக்கமும் உண்டாகும். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், தம் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவுடன் இணைந்து, சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட தக்காணத்து ஏழைகளிடம் இந்நோய் காணப்படுவதை ஆராய்ந்தார். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் எனும் சத்து இதற்குக் காரணமாகலாம் என 1960-இல் அவர்கள் எழுதினர்.

சோளம் நம் முன்னோரின் உணவன்றோ! ஆயின் அவர்கள் சோளத்தை மட்டும் உண்டு வாழ விரும்பியவர்கள் அல்லர். வசதி இருந்த நாளில் சோளச்சோற்றுக்குக் கொள்ளுப் பருப்பும், கம்பங்கூழுக்கு மோரும், களிக்குக் கீரைக் கடைசலும் துணை நின்றன. வறுமை அத்துணையைப் பறித்த இடத்தில்தான் நோய் நுழைந்தது. எனவே பழைய தானியம் என்பதாலேயே ஒன்று மருந்தாகிவிடாது. வெள்ளை அரிசி என்பதாலேயே ஒன்று நஞ்சாகிவிடாது. பலவும் சேர்ந்த உணவே உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே காக்கும். அரிசி, பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், சிறிது கறி எனப் பலவும் கூடும் நம் நோன்புக் கஞ்சி இதற்கு எளிய சான்று.

அண்மைக் கால ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வால் வாடிய 67 பேரிடம் நடந்து, 2017-இல் வெளியான ஆய்வில், 12 வாரம் உணவுமுறையைத் திருத்திக்கொண்டவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நோய் தணிந்தனர். உரையாடல் துணை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 8 பேரே அந்நிலையை எட்டினர். ஆய்வு சிறியதே. மருத்துவரை விட்டுவிட்டுக் கீரையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதும் இதன் பொருளன்று. மருந்தோடு உணவும் வேண்டும் என்பதே பொருள்.

நம் சென்னிமலை நெசவாளரின் ஊர். காலையில் வெறும் தேநீரோடு தறியில் அமர்ந்து, பசிக்கும்போதெல்லாம் மீண்டும் தேநீரையே பருகி, பிற்பகலில் உண்பவரை நாம் காண்கிறோம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றைக் குழம்பின்றி உண்ணும் தாய்மாரையும் காண்கிறோம். மாலையில் அவர்கள் குரல் உயர்ந்தால் குறை காணுமுன், அன்று அவர்கள் என்ன உண்டார்கள் என்று கேட்போமாக! நாளை காலை தறி ஓசை எழுமுன் ஒரு கிண்ணம் கூழும் சிறிது பயறும் அவர்கள் முன் வைப்போமாக! வீட்டின் அமைதி அடுப்படியிலும் தொடங்குகிறது.