வசையும் நசையும்: பிரெக்ஸிட் காலத்து அங்கதச் செய்யுள் குறித்து ஓர் ஆராய்ச்சி

2016ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, அதைவிட்டு விலகுவதா என்று ஐக்கிய ராஜ்யத்துப் பிரஜைகளிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு, வாக்களித்தோரில் 51.9 விழுக்காட்டினர் விலகுவதென்றும் 48.1 விழுக்காட்டினர் நீடிப்பதென்றும் விடையளித்தனர். மறுநாள் காலையிலேயே டேவிட் கேமரன் பிரதம மந்திரி பதவியைத் துறக்கும் தம் முடிவை அறிவித்தார். அன்று தொடங்கி, 2020 ஜனவரி 31ஆம் தேதி அந்நாடு ஒன்றியத்தை விட்டு முறைப்படி வெளியேறும் வரையில், இரண்டு பொதுத் தேர்தல்களும், உச்ச நீதிமன்றம் அரசாங்கத்துக்கு எதிராகக் கூறிய இரண்டு பெருந்தீர்ப்புகளும், சொந்தக் கட்சியாலேயே கைவிடப்பட்ட ஒரு பிரதம மந்திரியின் வீழ்ச்சியுமாக நிகழ்ந்த ராஜீயக் குழப்பம், பத்திரிகைகளிலும் நாடக மேடைகளிலும் கைபேசித் திரைகளிலும் எண்ணிறந்த பரிகாசப் பாட்டுகளைத் தோற்றுவித்தது. அவற்றுட் பெரும்பாலானவை தாம் பிறந்த வாரத்தைத் தாண்டி வாழவில்லை. கவிஞர்களுக்குச் சாமர்த்தியம் போதாமையே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆயின் அது உண்மையன்று என்பதும், அங்கதச் செய்யுளுக்கு ஆதாரமாக வேண்டிய ஒரு பொருள் அந்நாட்களில் கவிஞர் கைக்கு எட்டாமற் போயிற்று என்பதும் என் கருத்து.

அந்தப் பொருள் இன்னதென்று விளக்க நம் இலக்கண நூலே துணை செய்கிறது. அங்கதத்தை, வெளிப்படையாக வைவதாகிய செம்பொருள் அங்கதம், வசையை மறைத்து மொழிவதாகிய பழிகரப்பு அங்கதம் என்று தொல்காப்பியர் இருவகைப்படுத்தியது யாவரும் அறிந்தது. அவ்வளவாக எடுத்துப் பேசப்படாத மற்றொரு விதியும் செய்யுளியலில் உண்டு: புகழோடும் பொருளோடும் கூடி வருவது செவியுறைச் செய்யுள் என்றும், வசையோடும் நசையோடும் கூடி வருவது அங்கதச் செய்யுள் என்றும் அவர் வகுக்கிறார். வைகின்ற பாட்டுக்கு நசை எதற்கு? வைபவனுக்கும் வையப்படுபவனுக்கும் பொதுவாகிய ஒரு நன்மையில் கவிஞன் வைத்த பற்று என்னும் விரிந்த பொருளில் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். உரையாசிரியர் அனைவரும் இவ்விரிவுக்கு உடன்படுவர் என்று சாதிக்க வரவில்லை; ஆயினும் புறநானூற்று 95ஆம் பாட்டில், தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமிதம் கொண்ட தொண்டைமானின் முன்னே, மாலையும் பீலியும் அணிந்து மெருகு குலையாமல் இருக்கும் அவனுடைய ஆயுதங்களைப் புகழ்வாள் போல் ஔவை பழித்ததை நினைத்துப் பார்ப்போர்க்கு, போர் மூளாதிருக்க வேண்டும் என்ற ஆர்வம் அப்பழிப்பின் உள்ளே ஓடுவது தெரியாமற் போகாது.

ஆங்கில அங்கதத்தின் சிகரம் என்று விமரிசகர் பலரும் ஒப்பும் செய்யுளும் நாடு இரண்டாகப் பிளந்து நின்ற ஒரு சந்தர்ப்பத்திலேதான் பிறந்தது. இரண்டாம் சார்லஸ் அரசனின் தம்பியாகிய ஜேம்ஸ் கத்தோலிக்கராதலின் அவருக்குப் பட்டம் செல்லாதவாறு தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டும் என்று ஒரு சாராரும், அரச வம்சத்தின் உரிமையில் மக்கள் சபை கை வைத்தலாகாது என்று மற்றொரு சாராரும் 1679 முதல் 1681 வரை போராடினர். விக், டோரி என்னும் கட்சிப் பெயர்கள் இங்கிலாந்தில் நிலைபெற்றது அப்போராட்டத்தில்தான். விக் தலைவராகிய ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு லண்டன் கோட்டைச் சிறையில் இருந்த வேளையில், 1681 நவம்பரில், ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது ‘அப்சலோமும் அகித்தோப்பேலும்’. எழுதியவர் அரசவைக் கவிஞர் ஜான் டிரைடன். தாவீது அரசனுக்கு எதிராகக் கிளர்ந்த அவன் மகன் அப்சலோமுக்கு ஆலோசகனாகச் சேர்ந்த அகித்தோப்பேலின் வேதாகமக் கதையை எடுத்து, அரசனைத் தாவீதாகவும், அவனுடைய முறைபிறவா மகன் மன்மத் பிரபுவை அப்சலோமாகவும், ஷாஃப்ட்ஸ்பரியை அகித்தோப்பேலாகவும் வைத்து, ஈரடிக்கு ஓர் இயைபாக அவர் பாடினார்.

இச்செய்யுளில் இரண்டு இடங்களை நெருங்கிப் பார்ப்பது நம் வாதத்துக்கு இன்றியமையாதது. முதலாவது, சிம்ரி என்னும் பெயரில் பக்கிங்ஹாம் பிரபுவைத் தீட்டிய சித்திரம். பத்தாண்டுகளுக்கு முன் ‘ஒத்திகை’ என்னும் நாடகத்தில் டிரைடனை மேடையேற்றி நகையாடியவர் அப்பிரபு. ஆதலின் பழி தீர்க்கும் ஆசை கவிஞருக்கு இருந்திருத்தல் இயல்பே. இருந்தும், அவருடைய கொடுஞ்செயல்களை எடுத்துப் பேசாமல், எதிலும் நிலைகொள்ளாத அவருடைய சபலத்தையும், நாளுக்கொரு வேட்கையாய்த் தாவும் குணத்தையும் மட்டும் கவிஞர் தொட்டுக் காட்டினார். 1693இல் அங்கதத்தைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் அவரே இதை எடுத்துக்காட்டி, கண்டதுண்டமாக வெட்டிச் சாய்ப்பதற்கும், தலையை உடலினின்று பிரித்தும் அது தன் இடத்திலேயே நிற்கும்படி வெட்டும் நுண்மைக்கும் உள்ள பேதத்தை விளக்குகிறார். இரண்டாவது இடம் இதனினும் அரியது. அடுத்த பதிப்பில் அகித்தோப்பேலின் வருணனையினிடையே டிரைடன் புதிதாகச் சில அடிகளைச் சேர்த்தார். அவை ஷாஃப்ட்ஸ்பரியை நீதிபதி என்ற முறையில் புகழ்வன. கையூட்டுக்கு வசப்படாதவர், ஏழைக்கு விரைந்து நீதி வழங்கியவர் என்று பாராட்டுவன. எதிரியின் நற்குணத்தைத் தன் வசைப்பாட்டிலேயே பதிவு செய்த கவிஞனை, ஏவலுக்குப் பாடிய கட்சிக் கவி என்று ஒதுக்கிவிட இயலாது. இத்தனை ஆற்றல் வாய்ந்த இப்பாட்டு, அந்த 1681 நவம்பர் 24ஆம் தேதி கூடிய லண்டன் ஜூரியின் மனத்தை அணுவளவும் அசைக்கவில்லை. விக் சார்பான அந்த ஜூரி, குற்றச்சாட்டையே ஏற்க மறுத்து ஷாஃப்ட்ஸ்பரியை விடுவித்தது. 1688இன் புரட்சிக்குப் பின் டிரைடனின் அரசவைக் கவிஞர் பதவியும் பறிபோய், அவர் ‘மக் ஃபிளெக்னோ’ என்னும் செய்யுளில் ஏளனம் செய்த கவிஞர் ஷாட்வெல்லுக்கே சென்றது. ஆக, அங்கதத்தின் வெற்றியை அது மாற்றிய வாக்குகளைக் கொண்டு அளப்பது பிழையான அளவை. விக் கட்சியினரும் டோரி கட்சியினரும் அதே வேதாகமத்தைப் படித்தவர்கள். அகித்தோப்பேல் யார் என்று இரு சாராருக்கும் தெரியும். துரோகம் தீது, நீதி நன்று என்பதில் இருவருக்கும் பேதமில்லை. யார் துரோகி என்பதில்தான் வழக்கு. அந்தப் பொது நிலத்தின் மீது நின்றே டிரைடன் வாளை வீசினார்.

2016க்குப் பின் நின்ற கவிஞனுக்கு அந்நிலம் இல்லை. வாக்கெடுப்பின் வினா இரண்டே விடைகளை அனுமதித்தது. விடையளித்தோர் அவ்விடையையே தம் குலப்பெயர் போல் சூடிக்கொண்டனர். ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் நீடிக்க விரும்பினர். அங்குள்ள 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றேனும் விலகலை ஆதரிக்கவில்லை. வட அயர்லாந்தும் 55.8 விழுக்காட்டால் நீடிக்கவே விரும்பியது. இங்கிலாந்தும் வேல்ஸும் விலகச் சொல்லின. ஒரு பக்கத்துக்குத் தேசபக்தியாகத் தோன்றியது மறுபக்கத்துக்குத் தற்கொலையாகத் தோன்றிய நிலையில், செம்பொருள் அங்கதம் எதுவாயினும், முன்னரே உடன்பட்டவரைச் சிரிக்கச் செய்ததேயன்றி, உடன்படாதவர் காதில் வெறும் ஏச்சாகவே விழுந்தது.

கவிஞரின் கைப்பொருளை ராஜதந்திரிகள் தாமே எடுத்துக்கொண்டதும் இதனோடு சேர்ந்தது. வாக்கெடுப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, 2016 மே மாதத்தில், லண்டனின் ‘ஸ்பெக்டேட்டர்’ வாரப் பத்திரிகை வசைப்பாட்டுப் போட்டி ஒன்றின் முடிவை வெளியிட்டது. துருக்கி ஜனாதிபதி எர்தோவானைப் பழித்துத் தொலைக்காட்சியில் பாட்டு வாசித்த யான் பேமர்மான் என்னும் ஹாஸ்யக் கலைஞர் மீது ஜெர்மனியில் வழக்குத் தொடர அனுமதி அளிக்கப்பட்டதைக் கண்டிக்கும் பொருட்டு நடத்தப்பட்டது அப்போட்டி. ஆயிரம் பவுன் பரிசு பெற்றவர், அப்பத்திரிகையின் முன்னாள் ஆசிரியரும், லண்டனின் முன்னாள் மேயரும், விலகல் பிரசாரத்தின் முன்னணித் தலைவருமான போரிஸ் ஜான்சன். பரிசுக்குரியது ஆபாசம் மிகுந்த ஒரு லிமரிக். அவருடைய கொள்ளுத்தாத்தா அலி கெமால் துருக்கியர் என்பதையும், துருக்கி ஒன்றியத்தில் சேரப்போகிறது என்று ஜனங்களை அச்சுறுத்திய சுவரொட்டிகளை விலகல் தரப்பார் அதே பிரசாரத்தில் அச்சிட்டனர் என்பதையும், ஜூலை மாதத்தில் ஜான்சன் வெளிநாட்டு மந்திரியாகவே நியமனம் பெற்றார் என்பதையும் இதனோடு வைத்து எண்ண வேண்டும். பேச்சுரிமையைக் காக்க எழுந்த அப்போட்டியின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. பேமர்மானின் பக்கமே நியாயம் இருந்தது. ஆயினும் விதூஷகனின் வேடத்தை மந்திரியே பூண்டு நிற்கையில், அவரைக் கோமாளி என்று பாடுகிற கவிஞன் அவர் விரும்பி அணிந்த ஆபரணத்தையே அவருக்கு மீண்டும் சூட்டுகிறான். பிரெக்ஸிட் காலத்துப் பாட்டுகளில் ஜான்சனின் கலைந்த தலைமுடியைப் பாடியவை எத்தனையோ; அவற்றால் அவருக்கு ஒரு தீங்கும் விளைந்ததாகத் தெரியவில்லை.

லிமரிக் என்னும் யாப்பே இவ்விஷயத்துக்குப் பொருந்தாதது என்றும் சொல்லத் துணிகிறேன். முதல், இரண்டாம், ஐந்தாம் அடிகள் ஓர் இயைபும், குறுகிய மூன்றாம், நான்காம் அடிகள் வேறோர் இயைபுமாக அமைந்த அவ்வைந்தடிப் பாட்டு, முதலடியில் ஓர் ஆளையோ ஊரையோ அறிமுகப்படுத்தி, ஐந்தாமடியில் வழக்கைத் தீர்த்துவிடுகிறது. தீர்ந்துவிட்டது என்ற அந்த இன்பமே அதன் ஜீவன். பிரெக்ஸிட் விவகாரமோ தீர மறுத்தது. 2019 ஜனவரி 15ஆம் தேதி இரவு, பிரதம மந்திரி தெரேசா மே செய்துகொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தின் மீது மக்கள் சபை வாக்களித்தபோது, வாக்கு எண்ணியவர்கள் சபாநாயகரின் முன் வந்து நிற்க, வலப்பக்கம் ஆம் என்றோர் 202, இடப்பக்கம் இல்லை என்றோர் 432 என்று படிக்கப்பட்டது. அரசாங்கம் ஒன்று அச்சபையில் அதற்கு முன் அவ்வளவு பெரிய தோல்வியைக் கண்டதில்லை. அதே ஒப்பந்தம் மார்ச் 12இலும், வெளியேறுவதற்கென்று முதலில் குறித்திருந்த நாளாகிய மார்ச் 29இலும் மீண்டும் தோற்றது. இடையே மார்ச் 27ஆம் தேதி, எதைத்தான் சபை விரும்புகிறது என்று அறிய எட்டு யோசனைகளை வைத்தனர். எட்டுக்கும் இல்லை என்றே விடை வந்தது. ஏப்ரல் 1ஆம் தேதி மறுபடி நான்கு. நான்கும் வீழ்ந்தன, சுங்க ஒன்றிய யோசனை மூன்றே வாக்குகளில். இத்தகைய ஒரு நிகழ்ச்சித் தொடரைப் பாட வேண்டுமானால், பல்லவி மீண்டும் மீண்டும் திரும்பி வந்து எங்கும் சென்று சேராத ஒரு யாப்பே வேண்டும்.

சபையைப் பாடும் மரபும் பழையதே. 1882இல் மேடையேறிய ‘அயோலாந்தே’ இசைநாடகத்தில் அதன் பாடலாசிரியர் கில்பர்ட், பாராளுமன்ற வாசலில் காவல் நிற்கும் சிப்பாய் ஒருவனைப் பாட வைத்து, உறுப்பினர்கள் மூளையை வெளியில் வைத்துவிட்டுத் தலைவர் சொன்னபடி வாக்களிக்கிறார்கள் என்று எள்ளினார். அந்த எள்ளலுக்கு ஆதாரம் கட்சிக் கட்டுப்பாடு. மேயின் ஒப்பந்தத்தை ஜனவரியில் எதிர்த்த அவர் கட்சியினரே 118 பேர். ஒவ்வொருவரும் தம் மூளையைத் தம்மோடே உள்ளே கொண்டுசென்றனர். கில்பர்ட்டின் மெட்டுகளுக்குப் புதுச் சொல் பொருத்திப் பாடியவர்கள் இந்த மாறுதலைக் கவனியாமல் பழைய எள்ளலையே பாடினார்களாயின், அது இலக்கு இருந்த இடத்தை நோக்கி எய்ததாகும்.

பழிகரப்பின் வழியில் சென்றவற்றுள் நிலைக்கத் தக்கது ஒன்று உண்டு. பிரையன் பில்ஸ்டன் என்னும் புனைபெயருடைய கவிஞரின் ‘அகதிகள்’ என்ற பாட்டு வாக்கெடுப்பைப் பற்றியதன்று. ஆயினும் வாக்கெடுப்பின் நெஞ்சமாகிய குடியேற்றப் பிரச்சினையைப் பற்றியது. மேலிருந்து கீழாக வாசித்தால் அகதிகளை வெறுக்கும் குரலாகவும், ஈற்றடி தொடங்கி அடியடியாக மேல் நோக்கி வாசித்தால் அவர்களை வரவேற்கும் குரலாகவும் அமைந்தது அது. எப்பக்கம் வாசிப்பினும் ஒன்றாகவே நிற்கும் மாலைமாற்றைச் சம்பந்தர் பதிகத்தில் கண்டு வியந்த நமக்கு, திருப்பி வாசித்தால் எதிர்ப்பொருள் தரும் இவ்வமைப்பு உறவுடையதாகத் தோன்றினும், பயன் வேறு. வெறுப்பவரின் சொற்களையே ஒன்றையும் தள்ளாமல் எடுத்து, வேறெதுவும் சேர்க்காமல், வரிசையை மட்டும் மாற்றி அன்பாக்கிக் காட்டுகிறார் கவிஞர். வெறுக்கிறவனும் அதே மொழியைப் பேசுகிற அயலான்தான் என்ற நசை இல்லாமல் இது கைகூடாது.

நசை மட்டும் போதுமோ என்றால் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. அப்போதைய அரசவைக் கவிஞர் கேரல் ஆன் டஃபியும் நாடக இயக்குநர் ரூஃபஸ் நாரிஸும் 2017இல் லண்டன் தேசிய நாடக அரங்கில் அளித்த ‘என் நாடு’ என்னும் படைப்பு, வாக்கெடுப்பை அடுத்து நாட்டின் பல பகுதிகளிலும் சாமானிய மக்களிடம் பதிவு செய்த உரையாடல்களினின்று தொகுத்தது. பிரிட்டானியா தேவி தன் பிரதேசங்களைச் சபை கூட்டுகிறாள். கலிடோனியா என்னும் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் இங்கிலாந்தின் மூலைகளும் தத்தம் மக்களின் சொற்களை அவ்வண்ணமே பேசுகின்றன. ராஜதந்திரிகளின் வாசகங்களைப் பிரிட்டானியாவே தன் வாயால் ஒப்புவிக்கிறாள். விலகச் சொன்னவர்களை மூடர் என்று தள்ளாமல், அவர்கள் பேச்சை முழுதும் கேட்டு, அவர்களுடைய மனக்குறையை மரியாதையோடு மேடையில் வைத்த பெருந்தன்மைக்காக இப்படைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். அக்காலத்தில் வேறெவரும் அவ்வளவு பொறுமையோடு கேட்டதாகத் தெரியவில்லை. எனினும் டஃபி தாமாக எழுதிச் சேர்த்த செய்யுட் பகுதிகள், அவற்றைச் சூழ்ந்த சாமானியர் உரைநடையினும் வலிவு குன்றியே ஒலிக்கின்றன. தலைவர்களின் வாசகங்களைத் தேவி அவரவர் தோரணையில் சொல்லக் கேட்டுச் சபையோர் அடையாளம் கண்டு சிரிக்கலாம். ஆனால் அவ்வாசகங்களுள் எது பொய், எது ஆசை, எது அச்சம் என்று பகுத்துக் காட்டும் அடி ஒன்றையும் கவிஞர் அவற்றின் பக்கத்தில் வைக்கவில்லை. அகித்தோப்பேலின் நீதியையும் துரோகத்தையும் அடுத்தடுத்த அடிகளில் நிறுத்திக் காட்டிய டிரைடனின் துணிவு அந்த இடத்தில்தான் தேவைப்பட்டது. எல்லாத் தரப்பையும் அணைத்துக்கொள்ள விழைந்த அப்படைப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை.