முதல் ஆட்டத்துக்கு எந்தக் கதை? வள்ளி திருமணமும் டிராகன் விளையாட்டும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடில் ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்குவோம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கதையை ஆடப் போறாங்க. அச்சில் வந்த கதைகள் நிறைய இருக்கு. முதல் ஆட்டத்துக்கு எதை எடுப்பது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட ஆரம்பிக்கிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். அந்த விளையாட்டு தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மேசையைச் சுற்றி உட்கார்றவங்க ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்குவாங்க. ஒருத்தர் போர்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன். ஒருத்தர் மட்டும் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். 'முன்னால ஒரு குகை இருக்கு, உள்ளே வெளிச்சம் தெரியுது' என்று அவர் சொல்வார். என்ன செய்யறோம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஜெயிச்சதா தோத்ததா என்பதைப் பகடை சொல்லும். வசனம் எதுவும் எழுதி வைத்திருப்பதில்லை. ஆனால் இடம், எதிரிகள், புதையல், நடக்கக்கூடிய சம்பவங்கள் எல்லாம் அடங்கிய புத்தகங்கள் கடையில் கிடைக்கும். அவற்றைத்தான் அட்வென்ச்சர், மாட்யூல் என்று சொல்கிறார்கள்.

இதே கேள்வியை மதுரையும் சுற்றியுள்ள ஊர்களும் கிட்டத்தட்ட நூறு வருஷமாகக் கேட்டுப் பதிலும் சொல்லி வந்திருக்கின்றன. மேசையில் இல்லை, மேடையில். நான் சொல்வது ஸ்பெஷல் நாடகத்தை. இந்த இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் இரண்டும் சந்தித்த சிக்கல் ஒன்றுதான்: முன்பின் பழகாத ஆட்கள், ஒத்திகை இல்லாமல், ஒரு கதையைச் சேர்ந்து ஆடுவது எப்படி?

ஒத்திகை இல்லாத மேடை

கோயில் திருவிழாவுக்கு ஒரு ஊர்க்காரர்கள் நாடகம் வைக்க முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு நாடகக் குழு ஒன்றை அவர்கள் கூப்பிடுவதில்லை. ராஜபார்ட்டுக்கு ஒரு ஆள், ஸ்திரீபார்ட்டுக்கு ஒரு ஆள், பபூன் ஒருவர், டான்ஸ் ஆட ஒருவர், ஆர்மோனியம், மிருதங்கம் என்று தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுப்பார்கள். ஒவ்வொரு கலைஞரும் அந்த ராத்திரிக்கு மட்டும் 'ஸ்பெஷலாக' அழைக்கப்படுபவர். ஒருவர் மதுரையிலிருந்து வருவார், இன்னொருவர் திண்டுக்கல்லிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வருவார். இயக்குநர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. மேடைக்குப் பின்னால் மேக்கப் போடும்போதுதான் இன்றைக்கு யார் யாரோடு நடிக்கப் போகிறோம் என்று முகம் பார்த்துக்கொள்வார்கள்.

ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பித்தால் முடிய விடிந்துவிடும். முதலில் பபூன் காமெடி, டான்ஸ். அதற்கப்புறம்தான் கதை. இந்தக் கலைஞர்களின் வாழ்க்கையை மதுரையில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் 2005-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

அந்நியர்கள் ஒன்றுகூடி விடியவிடிய எப்படி நடிக்கிறார்கள்? எல்லாருடைய தலைக்குள்ளும் ஒரே புத்தகம் இருக்கிறது என்பதுதான் பதில்.

சுவாமிகள் தந்த பொதுச்சொத்து

அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி சங்கரதாஸ் சுவாமிகளுடையது. 1867-ல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நடிகராக இருந்து ஆசிரியரானவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவைத் தொடங்கினார். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் அதே வருஷம் சிறுவர்களாக அங்கே சேர்ந்தவர்கள்தான். 1922-ல் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார்.

அவருடைய சபா ஒரு பாய்ஸ் கம்பெனி. பையன்கள் அங்கேயே தங்கி, பாட்டையும் வசனத்தையும் மனப்பாடம் செய்து, வாத்தியார் சொன்னபடி நடிக்க வேண்டும். நாடகக்காரர்கள் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், எழுதிய பிரதியை மேடைக்குக் கொண்டுவந்தவர் என்பதால்தான் அவரைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று மதிக்கிறார்கள்.

இங்கேதான் வரலாற்றில் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒழுங்குக்காக எழுதப்பட்ட அந்தப் பிரதிகள் கம்பெனிச் சுவரைத் தாண்டி வெளியே போயின. கம்பெனியில் பயின்றவர்கள் வெளியேறித் தனிக் கலைஞர்கள் ஆனார்கள். பாட்டு எல்லாருக்கும் தெரியும், காட்சி வரிசையும் தெரியும். நடுவில் வரும் பேச்சை அவரவர் திறமைக்கு விட்டுவிடலாம். கட்டுப்பாட்டுக்காக வந்த எழுத்து, முன்பின் தெரியாதவர்கள் கூடி ஆடுவதற்கான பொதுச்சொத்தாக மாறிப்போனது.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926-ல் இலங்கையில் மேடையில் சேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அவர் செங்கோட்டைக்காரர், இவர் கொடுமுடிக்காரர். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்தப் பாட்டுகளும் கதைகளும்தான். அந்த ஜோடி பேரெடுத்த நாடகங்களில் ஒன்று வள்ளி திருமணம்.

ஏன் வள்ளி திருமணம்?

பவளக்கொடி இருக்கு, கோவலன் இருக்கு, அரிச்சந்திரா இருக்கு. இருந்தாலும் ஸ்பெஷல் நாடக மேடையில் திரும்பத் திரும்ப வருவது வள்ளி திருமணம்தான். முருகன் கதை என்பது ஒரு காரணம். திருப்பரங்குன்றமும் பழமுதிர்ச்சோலையும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் அதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்தில் முடிகிற மங்களமான கதை என்பது இன்னொன்று. ஆனால் ஆடுகிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு காரணங்களும் தெரியும்.

கதை பெரும்பாலும் ஒரே இடத்தில் நடக்கிறது, தினைப்புனத்தில். வள்ளி அங்கே காவல் இருக்கிறாள். அவளைத் தேடி ஒவ்வொருவராக வருகிறார்கள். நாரதர் வருகிறார். வேடனாக முருகன் வருகிறான். நம்பிராஜன் வந்ததும் வேடன் வேங்கை மரமாகிறான். அப்புறம் கிழவனாக வருகிறான். கடைசியில் யானை. காவியத்தையே தலைகீழாகப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு நல்ல கலைஞர்கள் இருந்தால் ஒரு காட்சி ஓடும்.

அந்தக் காட்சிக்கு உயிர் தர்க்கம். வள்ளியும் நாரதரும், வள்ளியும் வேலனும் வார்த்தைக்கு வார்த்தை மோதிக்கொள்வார்கள். எங்கே ஆரம்பிக்கணும், எங்கே முடியணும் என்பது இருவருக்கும் தெரியும். நடுவில் எவ்வளவு நேரம், எதைப் பற்றி என்பது அன்றைய ஜோடியைப் பொறுத்தது. நல்ல ஜோடி அமைந்தால் தர்க்கம் நீண்டுகொண்டே போகும். திணறினால் ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டின் ராகத்தை எடுத்துக் கதையை நகர்த்திவிடுவார். அந்த மேடைக்கு மாஸ்டர் என்று யாரையாவது சொல்லணும்னா அவரைத்தான் சொல்லணும்.

கடல் கடந்து அதே பாடம்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வெளியானது. முதலில் விதிப் புத்தகங்கள்தான். கதையை ஆடுகிறவர்களே கட்டிக்கொள்ள வேண்டும். தனி அட்வென்ச்சர் புத்தகங்கள் பிறகுதான் வந்தன. அதற்கு ஒரு முக்கியக் காரணம் மாநாடுகளில் நடந்த போட்டிகள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே கதையை ஆடி, யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்று ஒப்பிட வேண்டியிருந்தது. 1975-ல் ஆரிஜின்ஸ் மாநாட்டில் ஆடப்பட்ட 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' 1978-ல் அச்சில் வந்தது. அங்கேயும் அந்நியர்களைச் சேர்க்கத்தான் புத்தகம் தேவைப்பட்டிருக்கிறது, கவனிச்சீங்களா?

புதியவர்களுக்கென்று வந்த புத்தகங்கள் இன்னும் சுவாரசியமானவை. மைக் கார் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் தி அன்னோன்' புத்தகத்தில் அறைகளின் வரைபடமும் வர்ணனையும் இருக்கும். எந்த அறையில் எந்த அரக்கன், எங்கே புதையல் என்பதை மட்டும் வெற்றிடமாக விட்டிருப்பார்கள். மாஸ்டரே நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்து ஆரம்பப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது கைகாக்ஸின் 'தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்'. எல்லையில் ஒரு கோட்டை, பக்கத்தில் குகைகள், அவ்வளவுதான். கோட்டையில் சத்திரக்காரர் உண்டு, தளபதி உண்டு, ஆனால் அவர்களுக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார். பெயர் வைப்பது ஆடுகிறவர்கள் வேலை.

1984-ல் இதற்கு நேர்மாறான ஒரு வழி வந்தது. டிராகன்லான்ஸ் வரிசை. பெரிய காவியம், தயாராக எழுதப்பட்ட நாயகர்கள், முன்பே தீர்மானித்த திருப்பங்கள். அதை ரசித்தவர்கள் ஏராளம். ஆனால் கதை போகிற தண்டவாளத்தை விட்டு இறங்க ஆடுகிறவர்களுக்கு இடம் குறைவு என்ற புகாரும் கூடவே வந்தது. ஒருவகையில் அது பாய்ஸ் கம்பெனி வழி. கோட்டையும் குகையும் ஸ்பெஷல் நாடக வழி.

வெற்றிடத்தில் நுழைந்த வெள்ளைக் கொக்கு

இதெல்லாம் விளையாட்டு சமாச்சாரம்தானே என்று தோணலாம். அந்த வெற்றிடத்தின் அருமை புரியணும்னா மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்துக்கு வரணும்.

விஸ்வநாததாஸ் 1886-ல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். வள்ளி திருமணத்தில் முருகனாக நடித்துப் பேர் வாங்கியவர். தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் அவர் வெள்ளைக் கொக்கை விரட்டச் சொல்லும் பாட்டைப் பாடினார். எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். கொக்கு யார் என்பது உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கடலுக்கு அப்பாலிருந்து வந்த வெள்ளைக்காரன்தான்.

1876-ஆம் வருஷத்து நாடகச் சட்டப்படி ஆட்சேபமான நாடகத்தை அரசு தடுக்க முடியும். ஆனால் வள்ளி திருமணம் ஒரு சாமி கதை. கதைப் புத்தகத்தில் ஆபத்து ஒன்றும் கிடையாது. ஆபத்து இருந்தது ஆடுகிறவருக்கு விட்ட இடைவெளியில். பறவை ஓட்டணும் என்பது கதை, எந்தப் பறவை என்பது நடிகர் முடிவு. அந்த முடிவுக்காக அவர் திரும்பத் திரும்பச் சிறை போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர் விட்டார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அவர் மருத்துவர் சமூகத்தில், அதாவது முடிதிருத்துவோர் குலத்தில் பிறந்தவர். அந்தக் காரணத்துக்காகவே அவரோடு மேடையேற மறுத்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சூழலில் அவருடன் நடித்தவர்களில் ஒருவர் கே.பி. ஜானகி அம்மாள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவராகி, 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஆனவர். பாட்டு ஒன்று, வசனம் ஒன்று, கதை ஒன்று. இருந்தும் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்றார்கள். பொதுவான புத்தகம் ஒத்திகையின் தேவையைப் போக்கும். சாதியைப் போக்காது. அதற்கு யாராவது ஒருத்தர் துணிந்து மேடையேற வேண்டியிருக்கு.

அப்போ எதை எடுக்கலாம்?

கேள்விக்கு வருவோம். புதுசா ஒரு குழு சேர்க்கிறீங்க, கையில் பத்து அட்வென்ச்சர் புத்தகம் இருக்கு. பெரிய காவியத்தில் கை வைக்கத்தான் ஆசை வரும். ஸ்பெஷல் நாடகக்காரர்களின் அனுபவம் வேறு மாதிரி சொல்லுது.

முதலில், உங்கள் கதைக்கு ஒரு தினைப்புனம் இருக்கான்னு பாருங்க. எல்லாரும் மனசில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே இடம். ஒரு கோட்டை போதும், ஒரு சின்ன ஊர் போதும். 2014-ல் ஆரம்பப் பெட்டியோடு வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்' இப்படித்தான், ஒரு சிற்றூரை மையமா வைத்துச் சுற்றுது. பெட்டியிலேயே 5 பாத்திரங்கள் தயாராக இருப்பதால், ராஜபார்ட், ஸ்திரீபார்ட் மாதிரி எடுத்துக்கொண்டு உடனே இறங்கிடலாம்.

அடுத்து, தர்க்கத்துக்கு இடம் இருக்கான்னு பாருங்க. சண்டை மட்டுமே இருக்கிற புத்தகத்தில் பகடைதான் பேசும். வாசலில் ஒருத்தன் வழிமறித்து நிற்கிறான், அவனைப் பேசி மடக்கலாம், ஏமாற்றலாம், சிநேகமும் ஆக்கலாம் என்றால் அங்கே மனுஷங்க பேசுவாங்க.

மூன்றாவது, எழுதாமல் விட்ட இடம். சத்திரக்காரருக்குப் பேர் இல்லைன்னா அதைக் குறையாக நினைக்க வேண்டாம். உங்க மேசையில் அவருக்குச் சோழவந்தான் பக்கத்துப் பேரும் மதுரைப் பேச்சும் கிடைக்கட்டும். எந்தப் பறவையை விரட்டுவது என்பதை உங்க குழு முடிவு செய்யட்டும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, புத்தகத்தை மூடி வெச்சுட்டு மேசையைச் சுற்றி ஒரு தடவை பாருங்க. யார் வந்திருக்காங்க, யாரைக் கூப்பிடாம விட்டோம்? எந்த அட்வென்ச்சரும் இதுக்குப் பதில் எழுதித் தராது.