சுற்றாடலை அளக்கும் கல்வி

1999 ஆம் ஆண்டில் ஹம்பி, ஆபத்துக்குள்ளான உலக மரபுரிமைத் தலங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. விஜயநகரப் பேரரசின் தலைநகராய் விளங்கி, 1565 ஆம் ஆண்டுப் போரின் பின் அழிந்த நகர் அது. பட்டியலிற் சேர்ந்தமைக்குக் காரணம் கோயில்களின் சிதைவன்று. துங்கபத்திரையின் குறுக்கே எழுந்துகொண்டிருந்த இரு தொங்குபாலங்களே.

தொல்சின்னமொன்றின் ஒரு கல்லையேனும் தொடாது அதனைக் கெடுத்துவிடலாம் என்னும் கருத்து புதியதன்று. 1964 ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்திலேயே அது உண்டு. ஆயினும், சின்னத்தின் சுற்றாடலை எவ்வாறு மதிப்பிடுவது, மதிப்பிடுவோரை எவ்வாறு பயிற்றுவது என்பன பின்னரே முறையாக ஆராயப்பட்டன. 2005 இல் சீனாவின் சியான் நகரிற் கூடிய இக்கொமோஸ் அமைப்பு இதற்கெனவே ஒரு பிரகடனத்தை வெளியிட்டு, தொழிற்பயிற்சியையும் அதில் வலியுறுத்திற்று. இங்கிலாந்தில் வகுக்கப்பட்டுள்ள முறை ஐந்து படிகளைக் கொண்டது. பாதிக்கப்படும் சின்னங்களைக் கண்டறிதல், சின்னத்தின் சிறப்புக்குச் சுற்றாடல் அளிக்கும் பங்கைத் துணிதல், வரவிருக்கும் கட்டடத்தின் விளைவைக் கணித்தல், தீங்கைக் குறைக்கும் வழி தேடல், முடிவைப் பதிந்து பின்விளைவைக் கண்காணித்தல் என்பன அவை. கண்ணுக்குப் புலனாகும் காட்சி மாத்திரமன்றி ஓசை, மணம், இரவின் ஒளி ஆகியனவும் கணக்கிற் கொள்ளப்படுகின்றன. நல்ல முறைதான்.

ஆனால், ஆனெகுந்தி மக்களை எந்தப் படியில் வைப்பது? ஹம்பிக்கு எதிர்க்கரையிலுள்ள அவ்வூரார் மூங்கிலால் முடைந்த வட்டத்தோணியாகிய பரிசலில் ஆற்றைக் கடந்து வந்தவர்கள். வெள்ளம் பெருகும் நாளிற் பரிசல் ஓடாது. பாலம் அவர்களுக்கு அழகுக்கேடன்று, அன்றாடத் தேவை. வித்தலர் கோயிலருகே ஆற்றினுள் வரிசையாய் நிற்கும் கற்றூண்களோ விஜயநகர காலத்துப் பாலமொன்றின் எச்சங்கள்! ஆற்றைக் கடத்தலும் அச்சுற்றாடலின் வரலாறே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. புதிய பாலத்தின் இடமும் பருமனும் பொருந்தாதவை என்பதை நாம் மறுக்கவில்லை. அதனை எங்கே, எவ்வளவிற் கட்டலாம் என்பது வரைபடம் வரையுமுன்பே கேட்கப்பட்டிருக்கவேண்டும். 2006 இல் ஹம்பி அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2009 ஜனவரியில், கட்டி முடியாத அப்பாலம் இடிந்து வீழ்ந்தது. தொழிலாளர் பலர் மாண்டனர். அவர்கள் எந்த மதிப்பீட்டிலும் இடம்பெற்றவரல்லர்.

2011 ஜூலையில், விரூபாட்சர் கோயிலின் முன்னுள்ள தெருவில், பழைய மண்டபங்களை ஒட்டி வாழ்ந்தும் வாணிகஞ் செய்தும் வந்தோரின் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. அவை ஆக்கிரமிப்பு என்றனர் அதிகாரிகள். 1520 அளவில் அந்நகரைக் கண்ட போர்த்துக்கேயரான தொமிங்கோ பாயஸ் அதன் சந்தைகளைக் குறித்தும் வியந்தெழுதியவர்! ஆளரவமற்ற தெருதான் அத்தலத்தின் பழைய சூழல் என்பதை எவ்வாறு துணிந்தனரோ?

வாய்மொழி வரலாற்றையும் அயலில் வாழ்வோரின் நோக்கையும் சான்றாகக் கொள்ளுமாறு சியான் பிரகடனமே கூறுகிறது. பயிற்சிக்கூடங்களில் நிலப்படத்துக்கும் புகைப்படத்துக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கையேனும், பரிசலோட்டியிடமும் கடைக்காரியிடமும் அமர்ந்து கேட்டுக் குறிப்பெடுக்கப் பழக்குவதற்கு ஒதுக்கவேண்டும் என்கிறோம். அக்குறிப்பு முதலாம் படியிலேயே இடம்பெறட்டும்.