காசநோய்: குடும்பங்களின் செலவுச்சுமை

காசநோய் பிடித்த ஒருவரின் குடும்பம், நோய் இன்னதென்று தெரியவருவதற்கு முன்னும் சிகிச்சை நடக்கும் காலத்திலும் இழக்கும் பணம், கூலி, சொத்து எல்லாம் சேர்ந்ததே இந்நோயின் குடும்பச் செலவுச்சுமை. இலங்கையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மாத்திரையும் அரச நிலையங்களில் இலவசம். அப்படியிருந்தும் இந்நோய் வந்த வீடு கடனில் விழுவது ஏன் என்பதைக் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைமடுக் குளத்தை அண்டிய ஊர்களின் வாழ்க்கையை வைத்து விளங்கிக்கொள்ளலாம்.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடு, வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். அதன் வாய்க்கால்கள் பாயும் வட்டக்கச்சி, முரசுமோட்டை, ஊரியான் பக்கம் நெல்வயல் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அந்த வயல்களில் நாட்கூலிக்குப் போகிறவர்களும், குளத்தில் நன்னீர் மீன் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து மாவட்டத்தில் குடியேறியவர்களில் பலருக்கு இன்றும் வயற்காணி கிடையாது. 2008–2009 போரில் மாவட்டம் முழுதும் இடம்பெயர்ந்தபோது மாடு, உழவு மெசின், நகை என்று சேர்த்தவை போயின. திரும்பி வந்தவர்கள் வெறுங்கையோடு தொடங்கினார்கள். ஒரு நோயைத் தாங்குவதற்கு வீட்டில் என்ன கையிருப்பு இருக்கிறது என்ற கேள்விக்கான பதில் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

அளவுகோல்

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, காசநோயால் வரும் மொத்தச் செலவும் வருமான இழப்பும் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தையோ அதற்கு மேலோ எட்டினால் அது பேரழிவுச் செலவு. அத்தகைய செலவைச் சந்திக்கும் குடும்பம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது காசநோய் ஒழிப்பு உத்தி 2020-க்கு வைத்த இலக்கு. அது எட்டப்படவில்லை. பல நாடுகளில் நடந்த தேசிய அளவிலான கணிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் இந்த எல்லையைத் தாண்டுகின்றன. மருந்துக்கு அடங்காத காசநோய் என்றால் பத்தில் எட்டுக் குடும்பங்கள்.

ஆண்டு வருமானத்தில் 20 சதவீதம் என்பது ஏறத்தாழ இரண்டரை மாத உழைப்பு. ஒருவரின் கூலியில் ஓடும் வீட்டில் அவர் இரண்டரை மாதம் படுத்தால் போதும். ஒரு ரூபா மருந்துச் செலவு இல்லாமலே அந்த வீடு எல்லையைத் தாண்டிவிடும். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகள் சராசரியாக 83 வேலை நாட்களை இழந்திருந்தார்கள். மொத்தச் சுமை 5,986 இந்திய ரூபா. அதில் 3,934 ரூபா கைவிட்டுப் போன வருமானம். அந்த வீடுகளின் பள்ளிப் பிள்ளைகளில் 11 சதவீதத்தினர் படிப்பை நிறுத்தினார்கள். மேலும் 8 சதவீதத்தினர் வேலைக்குப் போனார்கள்.

செலவு எங்கே தொடங்குகிறது

பெரும்பாலும் நோயின் பெயர் தெரியுமுன்னே. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளி பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வேலை மும்முரத்தில் இருப்பவர் முதலில் பாமசியில் பாணி மருந்து வாங்குகிறார், பிறகு தனியார் வைத்தியரிடம் போகிறார், பிறகு எக்ஸ்ரே. மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு வந்துசேரும்போது கைக்காசு கரைந்திருக்கும்.

சிகிச்சை வழமையாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைராசினமைட், எதாம்பியூட்டோல் என நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டும் மட்டும். மாத்திரையைச் சுகாதாரப் பணியாளர் பார்த்திருக்க விழுங்குவதே முறை. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கியவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும்; குமட்டல் வரும். அவர் நிலையத்துக்குப் போய் பஸ்ஸில் திரும்பி வரும்போது, விடியலில் வயலுக்குப் போன கூட்டம் பாதி வேலையை முடித்திருக்கும். அன்றைய கூலி போயிற்று.

ஆறு மாதம் என்பது இங்கே ஒரு போகத்தின் நீளமும்கூட. புரட்டாதி, ஐப்பசியில் காலபோகம் விதைக்கும் வேளையில் நோய் கண்டால், மாசியில் அருவி வெட்டு முடியும்வரை மாத்திரைதான். சிறுபோகத்தில் ஈடுகட்டலாம் என்றால், அதில் எத்தனை ஏக்கர் என்பதைக் குளத்து நீரே தீர்மானிக்கிறது. எல்லா வயலும் விதைக்கப்படாது. ஆகவே குத்தகைக்குச் செய்யும் சிறு விவசாயி ஒரு போகத்தை விட்டால் ஒரு வருடத்தையே விட்டதாகும். இடையில் நகை அடகுக்குப் போகும். நுண்கடன் தவணை மட்டும் கிழமை தவறாமல் வாசலுக்கு வரும். சதவீதக் கணக்கு இதைச் சரியாகக் காட்டுவதில்லை: விற்ற கறவை மாடு இனித் தராத பால் கணக்கில் ஏறுவதில்லை.

வீட்டில் வைத்தியம்

1956-இல் சென்னையில் தொடங்கி 1959-இல் முடிவு வெளியான ஆய்வு ஒன்று, ஏழை நோயாளர்களை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று நிறுவியது. நெரிசலான வீடு, குறைந்த உணவு ஆகியவற்றுக்கு இடையிலும் பலன் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் இருந்தவர்களுக்குக் கிட்டியதை ஒத்திருந்தது. உலகம் முழுதும் நீண்ட கால மருத்துவமனை வாசத்தை ஒழித்த பெருமை அந்த ஆய்வுக்கு உண்டு. ஆனால் சிகிச்சை வீட்டுக்கு வந்தபோது சானடோரியம் போட்ட சோறும் வீட்டின் பொறுப்பாயிற்று. இது போதிய அளவு பேசப்படவில்லை.

உதவிகள்

இலங்கையில் மாகாண சமூக சேவைகள் திணைக்களங்கள் காசநோயாளர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கின்றன. அதற்குக் கிராம அலுவலர், பிரதேச செயலகம் என்று அலைய வேண்டும், அதுவும் வேலை நாளில். 2023-இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தில் சிறுநீரக நோயாளருக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. காசநோயாளருக்கு அப்படி ஒன்று வைக்கப்படவில்லை. இந்தியா 2018 முதல் சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாவை வங்கிக் கணக்கில் போட்டு, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. வங்கிக் கணக்குக்கு நேரே வரும் பணம் அலைச்சலையாவது குறைக்கிறது.

உணவின் பலனுக்கு ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு சான்று. 2023-இல் வெளியான அதன் முடிவுப்படி, நோயாளரின் வீட்டாருக்கும் மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை என்று கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. இரணைமடுத் தண்ணீரில் விளையும் வயலில் கூலிக்கு நிற்கும் காணியற்ற குடும்பம், அந்த அரிசியைக் கடையில்தான் வாங்குகிறது. உழைப்பவர் படுத்த மாதத்தில் கடனுக்கு வாங்குகிறது.