ஞானஸ்நானமா, ஞானமா?

குறிஞ்சிப்பாடியிலிருந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் இளைஞனை நிறுத்தி, “எதற்கப்பா படிக்கிறாய்?” என்று கேளுங்கள். “வேலைக்கு” என்பான். குற்றமில்லை. இதே கேள்வியைச் சென்னையில் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் தமக்குள் கேட்டுக்கொண்டபோது, விடை அத்துணை எளிதில் கிட்டவில்லை.

1837-இல் ஜான் ஆண்டர்சன் பள்ளி திறந்தார். ஆங்கிலமும் அறிவியலும் புகட்டினால் பழைய நம்பிக்கை தளரும்; தளர்ந்த உள்ளம் ஏசுவை நாடும்; இதுவே அவர் கணக்கு. விரைவிலேயே வந்தது சோதனை! தாழ்த்தப்பட்ட சிறுவர் தம் பிள்ளைகளுடன் அமர்வதா என்று கொதித்தனர் உயர்சாதியார். சிறுவரை வெளியேற்ற ஆண்டர்சன் மறுத்தார், பிள்ளைகள் பலர் விலகினர், அவர் பணியவில்லை. கடவுளை நம்பாத நாமும் அந்த மறுப்பைப் போற்றத்தான் வேண்டும்.

1862-இல் வந்த வில்லியம் மில்லரின் இறையியல் வேறு. ஆள் ஆளாக மதம் மாற்றுவதன்று கல்லூரியின் வேலை. கிறித்துவக் கருத்துகள் சமுதாயம் முழுதும் ஊறிப் பரவ வழிசெய்வதே என்றார். “ஞானஸ்நானம் எத்தனை?” என்று முணுமுணுத்தனர் தாயகத்தார். அவர் அசையவில்லை. 1877-இல் அது சென்னைக் கிறித்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. விவிலிய வகுப்பு மட்டும் அனைவருக்கும் கட்டாயம்!

பரவும் என்றாரே, எங்கிருந்து எங்கே? மேலிருந்து கீழே! வகுப்பில் நிறைந்திருந்தோர் பார்ப்பன மாணவர். சேரிகளில் திரளாகக் கிறித்துவத்தைத் தழுவியோரின் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வாயிலைக் கண்டனர்? மிஷன் பணம் கல்லூரிக்கா, சிற்றூர்ப் பள்ளிக்கா என்ற வழக்கு மிஷனுக்குள்ளேயே எழுந்தது. கல்லூரிகள் ஆராய்ச்சியாலும் வெளிப்பணியாலும் சிற்றூர்த் திருச்சபைக்குத் தொண்டாற்ற வேண்டுமென 1931-இல் லிண்ட்சே குழு எழுதிற்று. ஆண்டர்சன் பள்ளி திறந்து 94 ஆண்டுகள் கழித்து!