பெங்களூரும் சென்னையும்: தொலைவும் காலமும்

சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் அமைந்த நகரங்கள். வான்வழியே நேராக அளந்தால் இடைத்தொலைவு சுமார் 290 கிலோமீட்டர். இவ்வளவு என்றும் மாறாதது. ஆயினும், இதனைக் கடக்கும் காலம் தலைமுறைதோறும் மாறி வந்திருக்கிறது. அம்மாற்றத்தின் வரலாறு, ஆடுகோடியில் வாழும் நம் குடும்பங்களின் வரலாறுமாகும்.

1809-ஆம் ஆண்டில் இங்கே பெங்களூர்த் தண்டு அமைந்தது. சென்னைப் படையோடும் அதனைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் பலர் வந்து குடியேறினர். மாட்டு வண்டி நாளொன்றுக்கு 15 மைல் செல்லுமென்று கொண்டால், இருநூறு மைலுக்கு மேற்பட்ட சாலையைக் கடக்க இரண்டு வாரம் வேண்டும். ஊரில் தாய் நோயுற்றாள் என்ற செய்தி வந்து சேர்வதற்குள், அவள் ஈமக்கடனே முடிந்திருக்கும். பிறந்த மண்ணைப் பிரிந்தார்க்கு இதனினும் பெருந்துயர் வேறு யாது?

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை புகைவண்டி ஓடியது. 1864-இல் சோலையார்பேட்டை வழியாக இருப்புப்பாதை தண்டினை எட்டியது. பாதை தெற்கே வளைந்து வந்து மேட்டு நிலம் ஏறுவதால், அதன் நீளம் சுமார் 360 கிலோமீட்டர். எனினும் இரு வாரப் பயணம் ஓரிரவுப் பயணமாகச் சுருங்கியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கிய பிருந்தாவன் விரைவு வண்டி அதனையும் பகற்பொழுதிற்குள் அடக்கிற்று.

வானூர்தியின் கதை வேறு. 1932-இல் கராச்சியிலிருந்து சென்னைக்கு வந்த முதல் டாட்டா அஞ்சல் விமானம், பெங்களூரைத் தொடாமல் பல்லாரி வழியே சென்றது. 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை இங்கே நிறுவப்பெற்றது. அதன் ஓடுதளமே பின்னர் நகரின் விமான நிலையமாயிற்று. ஆடுகோடியிலிருந்து அது சுமார் 8 கிலோமீட்டர். 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் பயணிகள் விமான நிலையம் தேவனஹள்ளிக்கு மாறியது. இப்போது நாம் அங்கே செல்ல 40 கிலோமீட்டர் போகவேண்டும்.

நிலையத்திற்கு நிலையம் வான்தொலைவு சுமார் 270 கிலோமீட்டர். பயணக் காலம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆனால் வீட்டு வாயிலில் தொடங்கி, சாலை நெரிசலையும் சோதனைக்கான காத்திருப்பையும் கூட்டிப் பார்த்தால் நான்கைந்து மணி ஆகிவிடும். 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் இரயிலும் சுமார் நாலரை மணியில் சென்னையை அடைகிறது. ஆகவே பறக்கும் நேரத்தை மட்டும் கொண்டு பயணத்தை அளப்பது பிழை.

இன்னுமோர் உண்மையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டு வாரம் நடந்த முன்னோர் ஊரை அடைந்தபின் திங்கள் கணக்கில் தங்கினர். சில மணியில் செல்லும் நாமோ ஓரிரவு தங்கவும் நேரமில்லை என்கிறோம். ஊர்தி தந்த காலத்தை உறவுக்கு அளிப்பது நம் கையிலன்றோ உள்ளது? வரும் விடுமுறையில் நம் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துச் செல்வோம். பாட்டியின் மொழியை அவள் வாயாலேயே கேட்கச் செய்வோம்.